மஞ்சள் அட்டை

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நீ கிளம்பிப் போய் இன்றோடு இருபத்து மூன்று நாள். அதற்குள் ஆறு தடவை போன் செய்துவிட்டாய். நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். போனில் நீ யாருடைய வாயையும் பிடுங்கிவிடுவாய். ஐந்தாவது நிமிஷத்தில் என்னை அழவைத்து, பத்தாவது நிமிஷத்தில் மன்னிப்பும் கேட்க வைத்துவிடுவாய். காகிதத்தில் உன் ஜம்பம் பலிக்காது. அதனால்தான் கடிதம்.

முதல் விஷயம், நிகழ்ச்சி நன்றாகவே நடக்கிறது. இரவு பதினோரு மணிக்கு விளக்கு எரிகிறது, நான் என் நாற்காலியில் உட்காருகிறேன், விருந்தினர் எதிரே உட்காருகிறார், ஒரு மணி நேரம் நேரலையில் பேசுகிறோம். உன் வேலையையும் நானே பார்க்கிறேன். முந்தின நாள் மதியம் மூன்று மணிக்கு விருந்தினருக்குப் போன் செய்வது, அவர் சொன்னதை வைத்துக் கேள்விகளை அட்டையில் எழுதுவது. ஏழு வருஷமாக நீ பெரிதாகக் காட்டிக்கொண்ட வேலை இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது. போன வாரம் வந்த குத்துச்சண்டை வீரர் போனில் மூன்று வாக்கியம் பேசினார். நேரலையில் நான்கு பேசினார். அது அவர் சுபாவம், என் குற்றமில்லை.

நிகழ்ச்சியின் எழுநூறாவது நாளைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கிழ நடிகர் என் கண்முன்னே வந்து வந்து போகிறார். என் முதல் கேள்விக்கே பதில் சொல்லாமல், "அது இருக்கட்டும்மா. நேத்து போன்ல எங்கூட ஒன்றரை மணி நேரம் பேசினாங்களே ஒருத்தங்க, அவங்க எங்க? அவங்களப் பாக்கத்தான் நான் வந்தேன்" என்றார். அரங்கமே கைதட்டியது. கேமரா திரும்பி, திரைக்குப் பின்னால் ஹெட்போனோடு நின்ற உன்னைக் காட்டியது. நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மானிட்டரில் பார்த்தேன். மறுநாள் சேனல் தலைவர், "வாராவாரம் அக்காவும் அஞ்சு நிமிஷம் வந்து உக்காரட்டுமே" என்று கேட்டபோது நீ முடியாது என்று சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாய். மேக்கப் அறையில் நான் சொன்னதை இப்போதும் சொல்கிறேன், என் நாற்காலிமேல் உனக்குக் கண்.

இரண்டாவது விஷயம். மார்ச் 6ஆம் தேதி பாடகியம்மா வருகிறார். முப்பது வருஷமாக எந்த டிவிக்கும் முகம் காட்டாதவர். இரண்டு வருஷம் விடாமல் போனில் பேசி நீதான் அவரைச் சம்மதிக்க வைத்தாய், அதை நான் மறுக்கவில்லை. அவருடைய அட்டைகள் உன்னிடம் இருக்கின்றன. அனுப்பு. அட்டைகள் நிகழ்ச்சிக்குச் சொந்தம், உனக்கு இல்லை. இது கெஞ்சல் இல்லை.

தங்கை

உன் ஹெட்போன் இங்கேயே கிடக்கிறது. வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.


பிப்ரவரி 16

வாயாடிக்கு,

கெஞ்சல் இல்லை என்று நீயே எழுதியதால், கெஞ்சல்தான் என்று புரிந்துகொண்டேன்.

அத்தை வீட்டு மாடியறையில் இருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை. போனை எடுத்து, யாருக்கு எப்போது பல் பிடுங்க வேண்டும் என்று நோட்டில் குறிப்பது. பல்வலிக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. "எப்ப வரலாம்?" என்பார்கள், சொன்னதும் வைத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு எழுபது பேரோடு பேசுகிறேன், ஒருவரையும் எனக்குத் தெரியாது.

உன் நிகழ்ச்சியை நான் பார்ப்பதில்லை. அத்தை பார்க்கிறார். காலையில் தேநீரோடு மாடியேறி வந்து எனக்கே கதை சொல்கிறார். "அந்தக் காலத்துல நம்ம பொண்ணு என்னமா கேட்டா! கேள்வியெல்லாம் எங்கேருந்துதான் தோணுமோ அவளுக்கு. இப்பத்தான் கொஞ்ச நாளா சுரத்தில்ல" என்றார் நேற்று. தேநீரைக் குடித்துக்கொண்டே கேட்டேன். எங்கிருந்து தோன்றியது என்று சொல்ல நாக்கு துடித்தது. ஏழு வருஷம் சொல்லாததை இப்போது சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார். சரியாகத்தான் சொல்வார்.

குத்துச்சண்டை வீரரிடம் நீ ஒன்பது தடவை "அப்படியா?" என்றாய். அந்தப் பச்சைச் சட்டை வேண்டாம், விளக்கில் உன் முகம் சோகை பிடித்தாற்போல் தெரிகிறது.

உன் நாற்காலிமேல் எனக்குக் கண் என்றாய். ஆமாம். ஒருநாள் எல்லாரும் போன பிறகு அதில் உட்கார்ந்து பார்த்தேன். கேமராவைப் பார்த்து "வணக்கம்" என்றுகூடச் சொன்னேன். நம் கடிகாரக்காரர் ஒருவர்தான் பார்த்தார். கேமராவுக்குக் கீழே குந்தியிருந்து விரல் காட்டி உனக்கு நேரம் சொல்கிற அந்த மனிதர், விளக்கை அணைத்துவிட்டுப் போனார். விருந்தினர்களை அழவைத்தது நான், சிரிக்கவைத்தது நான், ஆனால் தெருவில் போனால் உன்னிடம்தான் கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் உன் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு கிழவர் ஒரே ஒரு தடவை என்னைத் தேடினார், அது உனக்குப் பொறுக்கவில்லை. ஏழு வருஷம் எனக்குப் பொறுத்ததே, அதை யோசித்தாயா?

அட்டைகளை அனுப்புகிறேன். முறை உனக்குத் தெரியும். வெள்ளை அட்டை கேட்பதற்கு. மஞ்சள் அட்டை கேட்காமல் இருப்பதற்கு. என்னை நம்பிச் சொன்னவை, திரையில் வரக் கூடாதவை எல்லாம் மஞ்சளில் இருக்கும், நீ மேக்கப் போடும்போது அதைத்தான் முதலில் படிப்பாய். ஏழு வருஷத்தில் ஒரு விருந்தினர்கூட நம்மிடம் அடிபட்டுப் போகவில்லை என்றால் அது மஞ்சளால்தான். முதல் மஞ்சள் அட்டையை யாருக்காக எழுதினேன் என்று உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

கூரியர் வந்தது. வெள்ளை அட்டை பதினொன்று. கேள்விகள் நன்றாகத்தான் இருக்கின்றன. அதைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள் என்று அத்தையிடம் சொல்வாய்.

மஞ்சள் இல்லை. உறையை உதறியும் பார்த்தேன். மறைக்க ஒன்றுமில்லாத விருந்தினர் ஏழு வருஷத்தில் இவர் ஒருவர்தான் போலிருக்கிறது. அப்படித்தானே? இல்லையென்றால் உடனே எழுது.

நேற்று அவருக்குப் போன் செய்தேன். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், "உங்க அக்கா நல்லா இருக்காங்களா?" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். "அவங்க பேச மாட்டாங்களா?" என்றார். இனிமேல் நான்தான் என்றேன். "ஓ" என்றார். அந்த "ஓ" இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த ஊரில் எனக்குத் தெரியாத யாரோ ஒருவராவது உன்னைப் பற்றி விசாரிக்காமல் என்னிடம் பேசக் கூடாதா?

தங்கை


மார்ச் 1

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தைக்கு நான்கு நாளாக இருமல். மருத்துவமனையில் புதிதாக ஒரு போன் வைத்திருக்கிறார்கள், மணி அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது.

அன்றைக்குச் சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொள். பாடகியம்மா ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நிறைய இடம் விடுவார். அந்த இடத்தில் நீ புகுந்துவிடாதே. தண்ணீரை வெந்நீராக வை.

வேறு எழுத ஒன்றுமில்லை.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

திருப்திதானே?

பார்க்கவில்லை என்று நடிக்காதே. இருந்தாலும் எழுதுகிறேன். நீ செய்ததை நீயே படிக்க வேண்டும்.

முப்பத்தெட்டு நிமிஷம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு அந்தத் தாலாட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் பெயரைச் சொன்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வருகிற பாட்டு, கேட்காமல் எப்படி விடுவது? "அம்மா, அந்தப் பாட்டைக் கேக்காமத் தூங்கின குழந்தையே இங்க கிடையாது. ரெண்டே ரெண்டு வரி பாடுங்களேன்" என்றேன். அவர் வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னை வெகுநேரம் பார்த்தார். "அதைப் பாடினது நான் இல்லம்மா. அது என் தங்கச்சி குரல்" என்றார். "உங்க அக்கா சொல்லலையா? அவங்ககிட்ட எல்லாம் சொன்னேனே" என்று கேட்டுவிட்டு, மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மிச்சம் இருபத்திரண்டு நிமிஷம், எதிரே காலி நாற்காலி. அப்போது என் பேச்சுக்கு என்ன ஆயிற்று என்பதை எழுத மாட்டேன். விளம்பரம் போடுவார்கள் என்று பார்த்தேன், போடவில்லை. கடிகாரக்காரரைப் பார்த்தேன். ஒரு விரலைக்கூட அசைக்காமல், கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் என்னை நட்டாற்றில் விட்டார்கள். வார்த்தை திரும்பி வந்தபோது மனதில் இருந்ததுதான் வெளியே வந்தது. தேன் ஒழுகப் பேசுகிற என் அக்கா, போனை வைத்ததும் நீங்கள் சொன்ன ரகசியங்களை மஞ்சள் அட்டையில் எழுதிவைக்கிறாள், ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறாள், உங்களுடையதும் அதில் இருக்கும் என்று சொன்னேன். இதில் எது பொய்?

இந்தம்மாவுக்கும் மஞ்சள் அட்டை இருந்தது. நீ அனுப்பவில்லை. உடனே எழுது என்று நான் கேட்டேன், நீ அத்தையின் இருமலைப் பற்றி எழுதினாய். என்னைக் குப்புறத் தள்ள உனக்கு ஒரு அட்டை போதுமாக இருந்தது.

நான் சொன்னதற்கு வருத்தப்படவில்லை.

தங்கை


மார்ச் 14

ஆமாம்.

எழுதினேன், அனுப்பவில்லை. அந்த அட்டை இரண்டு நாள் என் மேசையில் கிடந்தது. அதில் இருந்தது இதுதான். முப்பது வருஷத்துக்கு முன்பு, பாட்டைப் பதிவு செய்கிற அன்று பாடகியம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கூடப் போயிருந்த தங்கை பாடிக் கொடுத்தாள். இசைத்தட்டில் அக்காவின் பெயர் வந்தது. ஊரே கொண்டாடியது. தங்கை சாகிறவரை இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பாட்டுக்குப் பிறகு இவர் எங்கேயும் பாடவில்லை. பதினான்காவது போனில் இதை என்னிடம் சொல்லி அழுதார். நானும் அழுதேன். யாருக்காக அழுதேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதை உன் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான் என்று தோன்றிற்று. ஒரு தடவை நீ தடுமாற வேண்டும், ஐந்தே விநாடி, திரும்பித் திரைக்குப் பின்னால் என்னைத் தேட வேண்டும், நான் அங்கே இருக்கக் கூடாது. இவ்வளவுதான் நினைத்தேன். அந்த அம்மா எழுந்து போவார் என்று நினைக்கவில்லை. உன் பேச்சு நின்றுபோகும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

சின்ன வயதில் உனக்குப் "ப" வராது. கடைக்காரர் முன்னால் நின்று பால் என்று சொல்ல முடியாமல் நீ விழிப்பாய், நான் பின்னாலிருந்து சொல்வேன். தெருப் பிள்ளைகள் உன்னை ஊமை என்றார்கள், அதனால்தான் நான் உன்னை வாயாடி என்று கூப்பிட ஆரம்பித்தேன். எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டால் உனக்குத் திக்காது என்று கண்டுபிடித்தது நான். அட்டை பிறந்தது அப்படித்தான். சேனலில் ஒருவருக்கும் இது தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அன்றைக்கு நீ "பார்வையாளர்களே" என்று சொல்ல முடியாமல் "ப... ப..." என்று நின்றபோது, நான் இங்கே டிவி முன்னால் எழுந்து நின்று சத்தமாக அந்த வார்த்தையைச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அத்தை, "என்னடி ஆச்சு அவளுக்கு, உனக்கென்ன ஆச்சு?" என்று என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அதற்காக அழுதுகொண்டிருக்கும்போதே நீ பெட்டி நிறைய ரகசியம் என்று ஆரம்பித்தாய். என் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது.

அட்டையை நான் எழுதியது யாரையும் காயப்படுத்தாமல் இருக்க. அதையே நீ திருட்டு என்று ஊருக்குச் சொல்லிவிட்டாய். எப்படியோ விசாரித்து அந்தக் கிழ நடிகர் மருத்துவமனைக்கே போன் செய்தார். என்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்றாரே, அதே மனிதர். "எம் பொண்ணப் பத்தி ஒங்கிட்ட சொன்னேனே, அத எங்கம்மா எழுதி வச்சிருக்க?" என்றார். வீட்டில் களவு போனவர் பேசுகிற குரல் அது. பக்கத்தில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார். நான் போனை வைத்துவிட்டு அவருக்கு நேரம் எழுதிக் கொடுத்தேன்.

என்னிடம் இருந்தது குரலும் நம்பிக்கையும்தான். முகம் உன்னிடம் இருந்தது. அது உனக்குப் போதவில்லை.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள்.

பார்வையாளர்கள் குறைந்ததால் நிறுத்துகிறோம் என்று அறிவிப்பு வந்திருப்பதைப் பார்த்திருப்பாய். வேடிக்கை என்னவென்றால், பாடகியம்மா எழுந்து போன அன்றைக்குத்தான் ஏழு வருஷத்தில் அதிகம் பேர் பார்த்தார்கள். விஷயம் வேறு. அடுத்த இரண்டு மாதத்துக்கு ஒப்புக்கொண்டிருந்த பதினாறு பேரும் ஒவ்வொருவராக வரமாட்டேன் என்றுவிட்டார்கள். பழைய விருந்தினர்கள் தங்கள் அட்டையைத் திருப்பிக் கேட்டு வக்கீல் கடிதம் அனுப்புகிறார்கள். காலி நாற்காலியை வைத்துப் பேச்சு நிகழ்ச்சி நடத்த முடியாது இல்லையா? நம் நேரத்தில் இனிமேல் மெத்தை விற்கப் போகிறார்கள். அதே பதினோரு மணிக்கு ஒருவர் படுத்துக் காட்டுவாராம்.

கூட்டத்தில் சேனல் தலைவர் கடிகாரக்காரரைப் பிடித்துக்கொண்டார். "அந்தம்மா எழுந்ததுமே விளம்பரத்துக்குப் போகச் சொல்லி மேல சொல்லியிருக்கணும்ல? மேல கண்ட்ரோல் ரூம்ல இருக்கிறவங்க உங்க கையத்தான பாத்துக்கிட்டிருந்தாங்க?" என்று கத்தினார். அவர் வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர்மேலும் கோபம்தான். அப்போதே விளம்பரம் போட்டிருந்தால் நான் அதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

சரி. நீ "ஆமாம்" என்று ஒரு வார்த்தையில் ஆரம்பித்து எழுதியிருந்தாய். பத்து நாளாக அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு உன்மேல் பழி போட்டுச் சுகமாக இருந்துவிடலாம் என்று பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

உன் மஞ்சள் அட்டை எனக்குத் தேவையே இருக்கவில்லை, அக்கா. அன்றைக்கு மேக்கப் அறையில் பாடகியம்மா என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அந்தத் தாலாட்டப் பத்தி மட்டும் கேக்க வேண்டாம்மா. காரணம் உங்க அக்காவுக்குத் தெரியும்" என்றார். சரி என்றேன். பிறகு, உங்க அக்கா மாதிரி கேட்கிறவங்க யாரும் இல்லை என்றார். உங்க அக்கா வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் என்றார். இந்தச் சட்டை உங்க அக்கா எடுத்துக் கொடுத்ததா என்றார். நான்கு தடவை "உங்க அக்கா". நான் விரல்விட்டு எண்ணினேன்.

கேட்கக் கூடாது என்று தெரிந்துதான் கேட்டேன். உன்னிடம் சொன்னதை என்னிடமும் சொல்லட்டுமே என்று கேட்டேன். உன் பூட்டை ஒரு தடவையாவது நான் திறந்து காட்ட வேண்டும், அதுவும் எல்லாரும் பார்க்க. அவர் சொல்லவும் சொன்னார். ஆனால் அதிலும் உன் பெயர்தான் வந்தது.

உன்மேல் பொறாமை இல்லாத ஒரு நாள்கூட எனக்கு ஞாபகத்தில் இல்லை. கடையில் நீ எனக்காகப் பால் கேட்ட நாளிலிருந்து. பால் கிடைத்துவிடும். உன்னைத்தான் கடைக்காரர் கெட்டிக்காரி என்பார்.

தங்கை


ஏப்ரல் 5

வாயாடிக்கு,

படித்தேன். முதலில் ரொம்பக் கோபம் வந்தது. பிறகு, ஏன் மறைக்க வேண்டும், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. குற்றம் என்னுடையது மட்டும் இல்லையே என்று. அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போயிற்று. அந்த அம்மாவை இரண்டு பேரும் சேர்ந்துதான் அடித்திருக்கிறோம், நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன், என் மேசையில் கிடந்த அட்டை வரை. பதில் வந்தது. "அது என் தங்கையின் குரல் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அது நல்லதுதான். ஆனால் என்றைக்குச் சொல்வது என்று நான்தான் முடிவு செய்திருக்க வேண்டும். இனிமேல் நீங்கள் என்னைக் கூப்பிட வேண்டாம்." அவ்வளவுதான். இரண்டு வருஷத்துச் சிநேகம் நாலு வரியில் முடிந்துவிட்டது. எனக்கு வேண்டியதுதான்.

மஞ்சள் அட்டைகளை ஒவ்வொன்றாக உறையில் போட்டு உரியவர்களுக்கு அனுப்புகிறேன். அத்தை பசை தடவுகிறார். ஒன்றையும் படிக்க மாட்டார், ஆனால் உறைமேல் பெயரைப் பார்த்து, "இவருமா அழுதாரு?" என்று கேட்காமல் இருக்க மாட்டார். கேள்வியெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போது அவருக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, நீதான் ஊருக்கே சொன்னாயே. "ஏன்டி இத்தன வருஷம் எங்கிட்ட சொல்லல?" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கிழ நடிகருக்கு முதலில் அனுப்பினேன். எண்ணிப் பார்த்ததில் ஒரு அட்டை குறைகிறது. முதல் அட்டை. அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், அது வெளியே போகாத இடத்தில் இருக்கிறது.

பொறாமை என்று எழுதியிருந்தாய். பால் வாங்கின நாளிலிருந்து என்று. கடைக்காரர் உன் கன்னத்தைத்தான் கிள்ளுவார், மிட்டாய் உனக்குத்தான் கொடுப்பார். பேசினவளுக்கு ஒன்றும் கிடையாது.

அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

இன்று நம் அரங்கைப் பிரித்தார்கள். மெத்தைக்காரர்களுக்கு இடம் வேண்டுமாம். என் நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் பார்த்தேன், அதன் ஒரு காலுக்கு அடியில் பழைய வெள்ளை அட்டை ஒன்று நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது, ஆடாமல் இருக்க. உன் கையெழுத்து. ஏழு வருஷமாக நான் உட்கார்ந்திருந்தது அதன்மேல்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கே தொட்டாலும் நீதான் இருக்கிறாய்.

எல்லாரும் போன பிறகு கடிகாரக்காரர் என்னிடம் வந்தார். "இது இனிமே எங்கிட்ட இருக்கக் கூடாதும்மா" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துக் கொடுத்தார். மூலையெல்லாம் தேய்ந்து, மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது. நிகழ்ச்சியின் முதல் நாள் தேதி போட்டிருந்தது.

"இவள் பேச்சு நடுவில் நின்றால் விரல் காட்டாதீர்கள். விளம்பரத்துக்குப் போகாதீர்கள். எடுத்துக் கொடுக்காதீர்கள். ஏன் என்று இவளிடம் கேட்காதீர்கள். சொல் வரும். காத்திருங்கள்."

படித்துவிட்டு, அன்றைக்கு விளம்பரம் போடாதது இதனாலா என்று கேட்டேன். "ஆமா. உங்கக்காகிட்ட வாக்குக் கொடுத்திருந்தேன். ஏழு வருஷத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் அது தேவைப்பட்டுச்சு" என்றார். சேனல் தலைவரிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். கேட்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதே, சொல்லலாம் என்று எழுதவில்லையே என்றார்.

அவர் வேலையும் போய்விட்டது, அக்கா.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். நீ காத்திருக்கச் சொன்னதால் அவர் காத்திருந்தார். அவர் காத்திருந்ததால் எனக்குப் பேச்சு வந்தது. வந்த பேச்சை வைத்து உன்னைத்தான் குத்தினேன். இதை யாரிடம் சொல்லி யார் பெயரில் பழி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதிலும் எனக்குப் பொறாமைதான். பொய் சொல்ல மாட்டேன். ஏழு வருஷம் இந்த அட்டை ஒரு அந்நியரின் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. சொல் வரும் என்று என்னிடம் நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவரிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லியிருந்தால் நான் உன்னை இவ்வளவு வெறுத்திருக்க மாட்டேனோ என்னவோ. உனக்கும் என்மேல் கோபம் இருக்கும், நியாயமும் இருக்கும். நாற்காலியும் போய்விட்டது, அட்டைப் பெட்டியும் போய்விட்டது, இனிமேல் ஒருத்தியிடம் இருப்பதைப் பார்த்து இன்னொருத்தி எரிவதற்கு நம்மிடம் ஒன்றுமே மிச்சமில்லை.

உன் அறையைத் திறந்து ஜன்னலைத் திறந்துவைத்தேன். ஹெட்போனை உன் மேசைமேல் வைத்திருக்கிறேன். வா என்று எழுதவில்லை.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்கு மூன்று நாள் ஆகும். நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணிக்கு உன் பல் மருத்துவமனையில் போன் அடிக்கும். எடுத்ததும் எதுவும் கேட்காது. யாரோ வலியில் பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்து வைத்துவிடாதே. அது நான்தான். என் கையில் அட்டை எதுவும் இருக்காது.

தங்கை